வீட்டுக்குள் பருவநிலைச் சண்டை: குறும்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பருவநிலைப் போராட்டத்தில் இறங்கிய மகள், அதை ஏற்காத அப்பா. குறும்படப் பயிற்சிக்கு வருகிறவர்கள் இந்தக் கதையை அடிக்கடி கொண்டுவருகிறார்கள். நல்ல கதைதான். ஆனால் நாங்கள் தொடக்கத்தில் சறுக்கிய அதே இடங்களில் இவர்களும் சறுக்குகிறார்கள். மைக், பேட்டரி சங்கதிகளை யாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அப்பாவை ஊமையாக்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். அண்மையில் ஒரு மாணவர் காட்டிய படத்தில் அப்பா அனல்மின் நிலையத் தொழிலாளி. சாப்பாட்டு மேசையில் மகள் 2015 பாரிஸ் ஒப்பந்தம், கரியமில வாயுவின் அளவு என்று மூச்சுவிடாமல் அடுக்குகிறாள். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறார். படம் முழுக்க அவருக்குக் கிடைத்த வேலை அவ்வளவுதான். அவருடைய சம்பளத்தில்தான் அவள் படிக்கிறாள் என்பது திரைக்கதையில் இருந்தது, படத்தில் இல்லை. "வேகம் குறைந்தது, வெட்டிவிட்டேன்" என்றார் மாணவர்.

வெட்டியதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வேலை முடிந்து வரும் அப்பா வாசலிலேயே காலணியைக் கழற்றி, தையல் இடுக்கில் படிந்த சாம்பலை விரலால் நோண்டித் தட்டுகிறார். சட்டையை உதறிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார். வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல் வந்துவிடக் கூடாதே என்ற கவலை. அவர் வேலை செய்யும் அந்த அனல்மின் நிலையத்தை மூடச் சொல்லித்தான் மகளும் தெருவில் நிற்கிறாள். இப்படி ஒரு ஷாட்டை எடுத்துவிட்டு எப்படித் தூக்கியெறிய மனம் வந்தது?

அதை மீட்டாலும் மேசைக் காட்சியைக் காப்பாற்ற முடியவில்லை. மகள் பேசும்போது அப்பாவின் முகத்தை அவர் எடுக்கவே இல்லை. இல்லாத ஷாட்டைப் படத்தொகுப்பாளர் எங்கிருந்து கொண்டுவருவார்? நடிகர்களை மறுபடி கூட்டி, அதே ஒளியை அமைக்கச் சிறிய குழுவிடம் பணம் இருக்காது. ஆகவே சண்டைக் காட்சியில் பேசுகிறவரைப் போலவே கேட்கிறவரையும் தொடக்கம் முதல் முடிவு வரை குளோசப்பில் எடுத்து வையுங்கள். படப்பிடிப்புக்கு முன், வசனத்தில் உள்ள எண்களை அடித்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சண்டை அப்போதும் சூடாக இருக்க வேண்டும்.

எண்ணைத் தவறாகச் சொல்வது

2024இல் புவியின் சராசரி வெப்பநிலை, தொழில்மயத்துக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் கூடியதாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. உடனே "பாரிஸ் வரம்பு உடைந்துவிட்டது, எல்லாம் முடிந்தது" என்று வசனம் எழுதுகிறார்கள். பாரிஸ் ஒப்பந்தத்தில் உள்ள 1.5 டிகிரி என்பது நீண்டகாலச் சராசரிக்கான இலக்கு. ஒரே ஆண்டின் அளவை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

கடைசியில் கறுப்புத் திரையில் புள்ளிவிவரம்

வேண்டாம்.

உண்மையான போராட்டத்தில் கேட்காமல் படமெடுப்பது

பருவநிலைக்காகப் போராட 2018இல் ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன் அமர்ந்தபோது கிரேட்டா துன்பர்க்குக்கு வயது 15. இத்தகைய கூட்டங்களில் பள்ளி மாணவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்களும் இருப்பார்கள். சிறுவர் முகத்தைக் காட்டப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். கிடைக்காவிட்டால் பதாகைகளையும் கால்களையும் முதுகுகளையும் எடுங்கள்.