காலில் வந்த கறுத்தக் கட்டியைக் கிண்டாதீர்கள்

வயலுக்கும் காட்டுக்கும் போய்வருகிற காலில் முள் ஏறுவது வன்னியில் புதினமில்லை. ஈச்சமுள்ளோ காரைமுள்ளோ ஏறும். ஊக்கால் கிண்டி எடுத்துவிட்டு மறந்துபோவோம். சில மாதம் கழிய அதே இடத்தில் பயறளவில், கடினமாக, மண்ணிறத்திலோ கறுப்பாகவோ ஒரு கட்டி தட்டுப்படும். “முள்ளின்ர முனை உள்ளுக்க நிக்குது” என்று திரும்பவும் ஊக்கை எடுப்பார்கள். முதல் தவறு அதுதான்.

முள் நின்றால் வழக்கமாக நோவும், சிவக்கும், சீழ் வைக்கும். நோவில்லாமல், மாதக்கணக்கில் அப்படியே இருக்கிற கட்டி பல வேளைகளில் தோல் நார்க்கட்டியாக இருக்கும். வைத்தியர்கள் டெர்மட்டோபைப்ரோமா என்பார்கள். தோலின் நடு அடுக்கில் நார் உண்டாக்கும் கலங்கள் ஓரிடத்தில் பெருகுவதால் வருவது. புற்றுநோய் அல்ல. இரு விரலால் பக்கவாட்டில் மெதுவாக நெருக்கிப் பாருங்கள்: இந்தக் கட்டி மேலே எழும்பாமல் நடுவில் உள்ளே குழியும். ஆனால் அதை மட்டும் வைத்து வீட்டிலேயே முடிவெடுத்துவிட வேண்டாம். ஒருமுறை வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

பெரும்பாலும் 20 வயதுக்கு மேல், நடுவயதுக்குள் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல். முழங்காலுக்குக் கீழேதான் அதிகம், கையிலும் வரலாம். முள் குத்தியது, பூச்சி கடித்தது, ஊசி போட்டது என்று பலருக்கு ஒரு பழைய காயம் நினைவிருக்கும். அப்படி எதுவுமே இல்லாதவர்களுக்கும் வருகிறது. ஆகவே காயம்தான் காரணம் என்று மருத்துவம் இன்னும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. தொற்றாது. கத்தரிக்காயும் இறாலும் கிரந்தி, அதாவது தோலில் கிளப்பிவிடும் சாப்பாடு, என்று ஒதுக்கி வைத்தாலும் கரையாது, சாப்பிட்டாலும் வளராது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வாய்க்கு ருசியாக எதையும் தொடாத ஒரு தாயை இந்தக் கட்டிக்காகவும் பட்டினி போட வேண்டாமே.

இன்னொரு பெரிய தவறு, சுடவைப்பது. சுண்ணாம்பு, கள்ளிப்பால், எருக்கம்பால் என்று பூசுகிறார்கள். இவை மேல்தோலை வேகவைக்கும். கட்டியின் வேர் அதற்குக் கீழே இருப்பதால் அது அசையாது. மிஞ்சுவது புண். காலின் கீழ்ப்பகுதிப் புண் ஆற நாள் எடுக்கும், நீரிழிவு இருந்தால் இன்னும் மோசம். அந்தப் புண்ணோடு காலபோகத்தில் வயலுக்குள் இறங்கினால் எலிக்காய்ச்சல் கிருமிக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாகும். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் இருக்கும் அந்தக் கிருமி, தோல் கிழிந்த இடத்தால் இலகுவாக உள்ளே நுழைகிறது. ஒன்றும் செய்யாத ஒரு கட்டிக்காக உயிரைப் பணயம் வைக்கிற வேலை இது.

சரி, அப்படியானால் எல்லாக் கட்டியையும் சும்மா விடலாமா? கூடாது. மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியாசிஸும் நோவில்லாத சின்னப் பருவாகத்தான் தொடங்கும். முகம், கை, கால் என்று திறந்திருக்கும் இடங்களில் மெல்லப் பெருத்து, நடுவில் பொருக்குக் கட்டிப் புண்ணாகும். இலங்கையின் உலர் வலயத்தில் காணப்படும் நோய். 2008 முதல் சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. மருந்துண்டு, காலம் கடத்தினால் தழும்பு பெரிதாகும்.

கட்டி இரண்டு சென்றிமீற்றரைத் தாண்டினாலும், கிடுகிடுவென வளர்ந்தாலும், இரத்தம் கசிந்தாலும், நிறம் மாறினாலும் காட்டியே ஆக வேண்டும். சில மாதத்துக்குள் ஐந்தாறு கட்டிகள் ஒன்றாகக் கிளம்பினாலும் அப்படித்தான். உடலின் எதிர்ப்புச் சக்தி குலைந்தவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய் உள்ளவர்களுக்கும் அவ்வாறு வருவதுண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் காசில்லாமல் பார்க்கலாம். வெளிநோயாளர் பிரிவிலிருந்து தோல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். எங்கே வெட்டினாலும், வெட்டிய துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அழகுக்காக மட்டும் வெட்டுவதென்றால் எனக்கு அதில் விருப்பமில்லை, கட்டியைவிடத் தழும்பு பெரிதாகத் தெரியக்கூடும்.

எங்கள் ஊருக்கே உரிய ஒன்று உண்டு. 2009 வரை நடந்த போரில் காயப்பட்ட பலரின் உடம்பில் இன்னும் செல் (எறிகணை) துண்டுகள் இருக்கின்றன. தோலுக்குக் கீழே தட்டுப்படுவது கட்டியா இரும்பா என்று விரலால் சொல்வது கடினம். எக்ஸ்ரேயில் இரும்பு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். எங்கே, எந்த ஆண்டு காயப்பட்டீர்கள் என்பதைக் கூச்சப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். பின்னர் எந்த நோய்க்காகவும் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால், இயந்திரத்துக்குள் போகுமுன்பே இதை அங்குள்ளவர்களிடம் சொல்லிவிட வேண்டும். இயந்திரத்திலுள்ள காந்தம் அந்த இரும்பை உள்ளேயே அசைத்துவிடக்கூடும்.