வெங்காயத்தோலில் காற்றுக் குமிழி

ஒன்பதாம் வகுப்புக்குச் செல் பாடம் தொடங்கும்போதெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் வெங்காயத்தோல் ஸ்லைடுதான் காட்டுவேன். ஒருமுறை நோட்டுகளைத் திருத்தும்போது தலை சுற்றியது. பாதிப் பேர் கறுப்பு விளிம்போடு அழகான வட்டங்கள் வரைந்து ‘செல்’ என்று பெயரிட்டிருந்தார்கள். அத்தனையும் காற்றுக் குமிழிகள்!

தப்பு என்னுடையதுதான். தோலை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் ஸ்லிப்பை அப்படியே மேலே போட்டிருந்தேன். அடுத்த நாள் ஒரு ஓரத்தை முதலில் தண்ணீரில் தொட வைத்து, ஊசியால் தாங்கியபடி மெல்லச் சாய்த்து இறக்கினேன். குமிழி போயிற்று. ஆனாலும் சாயமில்லாத செல்களைப் பார்த்துப் பசங்களுக்குச் சுரத்தே இல்லை.

அப்புறம்தான் வெங்காயத்தையே மாற்றினேன். நல்ல ஊதா நிற வெங்காயம். இதழின் உட்புறத்தை விட்டு, வெளிப்புறத் தோலை உரித்தேன். அது லேசில் வராது, கிழியும். நகமளவு கிடைத்தால் போதும். சாயமே வேண்டாம், ஊதாக் கட்டங்கள் பளிச்சென்று தெரியும்.

அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் உப்பு கரைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ காகிதத்தால் உறிஞ்சினேன். சில நிமிடங்களில் ஊதா சுருங்கிச் செல் சுவரை விட்டு விலகியது.

“சார், உள்ளே ஏதோ சுருங்குது!” என்று பின்பெஞ்சுப் பையன் கத்தினான். செல்லின் உள்ளிருப்பது இப்படிச் சுருங்கிச் சுவரை விட்டு விலகுவதற்குப் பிளாஸ்மா சிதைவு என்று பெயர் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.