அல்கோ வர்த்தகத்தில் பணம் போடும் முன் பொறுப்பாளி யார் என்று உறுதி செய்யும் முறை

அல்கோ வர்த்தகம் என்பது, முன்பே வகுத்த விதிகளின்படி கணினி நிரல் தானாகவே பங்குகளை வாங்கி விற்பது. செயற்கை நுண்ணறிவுக் கருவி உங்கள் டீமேட் கணக்கில் (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) இப்படித் தானாகப் பங்குகளை வாங்கி விற்று நட்டம் உண்டாக்கினால், அந்த மென்பொருள் மீது யாரும் புகார் கொடுக்க முடியாது. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒரு மனிதராகவோ நிறுவனமாகவோதான் இருக்க முடியும் என்பதால், அந்தப் பெயரை முன்கூட்டியே அறிந்துகொள்வது அவசியம்.

முதலில், கருவியை வழங்குபவரின் பதிவு எண்ணை, இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் இணையதளத்தில் சரிபாருங்கள். 2025 பிப்ரவரியில் செபி திருத்திய விதிமுறைகளின்படி, பதிவு பெற்ற நிறுவனம் தான் பயன்படுத்தும் செயற்கை நுண்ணறிவைத் தானே உருவாக்கியிருந்தாலும் வெளியாரிடம் வாங்கியிருந்தாலும், அது தரும் முடிவுகளுக்கும் முதலீட்டாளர் தரவின் பாதுகாப்புக்கும் அந்நிறுவனமே பொறுப்பு. பதிவில்லாதவர் டெலிகிராம் குழுவில் விற்கும் கருவிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே பணம் போடாதீர்கள்.

அடுத்து, உங்கள் தரகரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். 2025 பிப்ரவரி 4 அன்று செபி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, அல்கோ அனுப்பும் ஆணைகள் (வாங்கவோ விற்கவோ சொல்லும் கட்டளைகள்) பங்குச் சந்தை வழங்கும் தனி அடையாள எண்ணைத் தாங்க வேண்டும். அல்கோ வழங்குபவர் தரகரின் முகவராகவே கருதப்படுவார். ஆகவே அந்த எண் என்ன, உத்தியின் தர்க்கம் (எதை எப்போது வாங்குவது, விற்பது என்று முடிவு செய்யும் விதி) வெளிப்படையானதா மறைக்கப்பட்டதா, கோளாறு நேர்ந்தால் ஆணைகளை யார், எப்படி நிறுத்துவார்கள் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் பெறுங்கள். தர்க்கம் மறைக்கப்பட்டதென்றால், வழங்குபவர் செபியிடம் ரிசர்ச் அனலிஸ்டாக (பங்கு ஆய்வாளராக) பதிவு செய்திருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனம், 8 சர்வர்களுள் ஒன்றில் புதிய நிரலை நிறுவத் தவறியதால் அதில் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று, சுமார் 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் அதிகமான பரிவர்த்தனைகளை நடத்தி, 46 கோடி டாலருக்கும் மேல் நட்டத்தை ஏற்படுத்தியது. அது செயற்கை நுண்ணறிவு அல்ல, சாதாரண அல்கோதான். ஆயினும் அடுத்த ஆண்டு அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அந்நிறுவனத்துக்கு 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தபோது, சந்தைக்குள் ஆணைகள் செல்லுமுன் தடுக்கும் கட்டுப்பாடுகள் போதுமானவையாக இல்லை என்பதையே குற்றமாகக் கொண்டது. நிரல் ஏன் தவறாக இயங்கியது என்று நிரூபிப்பது சாமானிய முதலீட்டாளருக்கு இயலாத காரியம். இருக்க வேண்டிய கட்டுப்பாடு இல்லை என்று காட்டுவதற்கோ ஆவணங்கள் பெரிதும் உதவும்.

எனவே ஒப்பந்தம், காண்ட்ராக்ட் நோட் (நடந்த பரிவர்த்தனைகளுக்குத் தரகர் தரும் விவரச் சீட்டு), ஆணைப் பதிவேடு, லாபம் உறுதி என்று சொன்ன விளம்பரத்தின் திரைப்பிடிப்பு ஆகியவற்றைத் தேதியுடன் சேமித்து வையுங்கள். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் எவருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பிறகு உங்கள் தரப்பே பலவீனப்படும்.

நட்டம் நேர்ந்தால் முதலில் தரகரிடமும், தீர்வு கிடைக்காவிடில் செபியின் புகார்த் தளமான ஸ்கோர்ஸிலும், அதன்பின் இணையவழியில் தகராறு தீர்க்கும் ஸ்மார்ட் ஓடிஆர் தளத்திலும் முறையிடலாம். ஸ்கோர்ஸில் வரும் புகாருக்கு நிறுவனம் 21 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். மனுவில் ‘கருவி ஏமாற்றிவிட்டது’ என்று பொதுவாக எழுதாமல், ஆணை எண், நேரம், அல்கோ அடையாள எண், தரகர் மீறிய கடமை ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.