பிள்ளைகள் கூடுகிறார்கள், அறைகள் போதவில்லை: பாடசாலைக் கட்டட வேலையை எங்கிருந்து தொடங்குவது?

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். தரம் 2 பிள்ளைகளும் தரம் 3 பிள்ளைகளும் ஒரே மண்டபத்தில், நடுவே ஒரு தட்டியை மறைப்பாக வைத்துக்கொண்டு படித்தார்கள். இப்போது பழைய கூரை திருத்தப்பட்டு, புதிதாக இரண்டு வகுப்பறைகளும் எழுந்துவிட்டன. வேறு பாடசாலைகளின் பெற்றோர் வழி கேட்பதால் இதை எழுதுகிறேன். கூட்டம் கூட்டுவது, அறிக்கை எழுதுவது, வங்கிக் கணக்கு வைத்திருப்பது எல்லாம் எந்தச் சங்கத்துக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

1. முதலில் தலைகளை எண்ணுங்கள்

"பிள்ளைகள் கூடிவிட்டார்கள், கட்டடம் தாருங்கள்" என்ற கடிதங்கள் வலயக் கல்விப் பணிமனையில் கட்டுக்கட்டாக இருக்கும். உங்கள் கடிதத்தை எடுத்துப் படிக்க வைப்பது அதோடு இணைக்கும் ஒரு பக்கக் கணக்குத்தான்.

சேர்விடாப்பை (பிள்ளைகளைச் சேர்க்கும் பதிவேட்டை) எடுத்து, கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு தரத்திலும் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்று ஒரு அட்டவணை போடுங்கள். பிறகு அதைக் குறுக்காகப் படியுங்கள். 2023இல் தரம் 1இல் 30 பேர் இருந்து, 2024இல் தரம் 2இல் 33 பேர் இருந்தால், ஏறும்போது பத்துக்கு ஒருவர் வெளியிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறார். அடுத்த ஆண்டுத் தொகுதியிலும் இதே போக்கு இருந்தால், இப்போது தரம் 1இல் இருக்கும் 42 பேர் அடுத்த ஆண்டு 46 பேர் வரை ஆவார்கள். ஓர் அறை போதாது, இரண்டு பிரிவுகள் வேண்டும்.

பலரும் கவனிக்காத விடயம் இது: தரம் 1இல் இன்று தொடங்கும் இரண்டாவது பிரிவு ஓர் அறையோடு நின்றுவிடாது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இரண்டு பிரிவுகளாகச் சேர்ந்தால், அந்தப் பிள்ளைகள் ஏற ஏற ஆண்டுக்கு ஓர் அறை கூடுதலாகத் தேவைப்படும். தரம் 5 வரும்போது ஐந்து அறைகள். அட்டவணையின் கடைசி நிரலில் "தேவைப்படும் அறைகள்" என்று ஆண்டுவாரியாக எழுதுங்கள். எங்கள் கோப்பில் அதிகாரிகள் அதிக நேரம் பார்த்தது அந்த நிரலைத்தான்.

வரப்போகும் பிள்ளைகளின் எண்ணிக்கையை ஊகிக்க வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விபரம் இருக்கிறது. பெயர்கள் வேண்டாம், பிறந்த ஆண்டுவாரியாக எண்ணிக்கை மட்டும் போதும் என்று அதிபர் மூலம் எழுத்தில் கேளுங்கள். நாடு முழுவதும் பிறப்புகள் குறைந்து வருகின்றன. ஆகவே உங்கள் ஊரில் பிள்ளைகள் கூடுவது மீள்குடியேற்றத்தாலா, புதிய வீட்டுத்திட்டத்தாலா, அல்லது பக்கத்துப் பாடசாலையை விட்டு வருவதாலா என்று பிரித்துச் சொல்லுங்கள். மூன்றாவதுதான் காரணம் என்றால் அதை மறைக்க வேண்டாம். ஒரு கிலோமீற்றர் தள்ளி நான்கு வகுப்பறைகள் வெறுமையாகக் கிடக்கும்போது இங்கே மாடி கட்டுவது சரியா என்று வலயத்தில் நிச்சயம் கேட்பார்கள். நியாயமான கேள்வி அது. சிறிய பாடசாலைகள் மூடப்படுவதைக் கண்ட ஊர்களில் இதைப் பற்றிப் பேசித் தீர்மானிப்பது நம் கடமையும்கூட.

கணக்குக்கு விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் தேவையில்லை. கூகுள் ஷீட்ஸ் போதும், அதிபரும் நீங்களும் ஒரே தாளைப் பார்க்கலாம்.

2. இருக்கும் கட்டடத்தைச் சுற்றி நடங்கள்

புதிய அறை கேட்பதற்கு முன், பூட்டிக் கிடக்கும் அறைகளை மீட்க முடியுமா என்று பாருங்கள். உடைந்த தளபாடங்கள் அடைத்துவைத்த ஓர் அறை பெரும்பாலான பாடசாலைகளில் இருக்கும். அந்தத் தளபாடங்களைப் பொருட்பதிவேட்டிலிருந்து முறைப்படி கழித்தால் அறை மீண்டும் வகுப்பறைதான்.

30 மீற்றர் நாடா, சிறிய சுத்தியல், பென்சில், தொலைபேசிக் கமரா, கோடு போட்ட கொப்பி ஆகியவற்றோடு போங்கள். தொலைபேசியில் அளக்கும் செயலிகளை நான் நம்புவதில்லை, நாடாவையே விரும்புகிறேன்.

மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் கூரை. ஓடு நழுவிய இடம், பீலி (மழைநீர் வடியும் தகரக் குழாய்) அடைத்த இடம், சிலாகையில் (ஓட்டைத் தாங்கும் மரத்தில்) கறையான் ஏறிய இடம். பனஞ்சிலாகை வெளியில் உறுதியாகத் தெரிந்தாலும் சுவருக்குள் செருகிய முனையில் உக்கியிருக்கலாம். அந்த முனையைத் தட்டிப் பாருங்கள். கொங்கிறீற் தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்டும்போது வெற்றுச் சத்தம் கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, கொங்கிறீற்றைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். கடலோரப் பாடசாலைகளில் இது அதிகம். மேலே பூச்சுப் போட்டு மூடினால் சில மழைக்காலங்களுக்குள் மறுபடியும் கழன்று விழும். அந்த அறையைப் பூட்டிவிட்டு தொழில்நுட்ப உத்தியோகத்தரை அழையுங்கள்.

சுவர் வெடிப்பின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு இழுத்துத் திகதி எழுதுங்கள். மாரி முடிந்ததும் கோட்டைத் தாண்டி நீண்டிருந்தால் அத்திவாரம் அசைந்துகொண்டிருக்கலாம். நீளாவிட்டால் அவசரமில்லை. யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய அஸ்பெஸ்டஸ் சீற் உடைந்திருந்தால் பெற்றோர் சிரமதானத்தில் கழற்ற வேண்டாம். வெட்டவும் துளைக்கவும் கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. நனைத்து, உடையாமல் இறக்கத் தெரிந்தவர்களிடம், பிள்ளைகள் இல்லாத விடுமுறையில் கொடுங்கள்.

வேலைகளின் வரிசை: முதலில் கூரையும் பீலியும், பிறகு மின்சாரம், பிறகு மலசலகூடம். வர்ணம் கடைசி. பரிசளிப்பு விழா வருகிறது என்று முதலில் வர்ணம் பூசும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒழுகும் கூரையின் கீழ் பூசிய வர்ணம் அடுத்த மாரியில் உரிந்துவிடும்.

3. காணி யாருடைய பெயரில் இருக்கிறது?

எங்கள் கோப்பு நீண்ட காலம் நகராமல் நின்றது இங்கேதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துப் பழைய பாடசாலைகள் பலவற்றைத் தொடங்கியவர்கள் மிஷனரிமார், சைவ வித்தியா விருத்திச் சங்கம், அல்லது ஊர்ப் பெரியவர்கள். 1960, 1961 ஆண்டுச் சட்டங்களின் மூலம் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. பிள்ளைகளும் ஆசிரியர்களும் அரசுப் பாடசாலைக்குரியவர்கள் ஆனாலும், நடைமுறையில் சில காணிகளின் உறுதி (உரிமைப் பத்திரம்) இன்னும் கோயில், தேவாலயம் அல்லது ஒரு குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. விளையாட்டுத் திடல் ஓர் உறுதியிலும் வகுப்பறை வேறோர் உறுதியிலும் இருப்பதுண்டு. பழைய கட்டடத்துக்குக் கூரை போடும்வரை இதை யாரும் கேட்பதில்லை. புதிய அத்திவாரம் என்றவுடன் கேட்பார்கள்.

நாங்கள் செய்தது இதுதான். அதிபரின் பழைய கோப்புகளையும் சம்பவத் திரட்டையும் (பாடசாலையின் நிகழ்வுப் பதிவேட்டையும்) பார்த்து உறுதி இலக்கங்களைத் தேடினோம். அவற்றை வைத்துக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்தோம். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவிலும் கேட்டோம். உறுதியில் பரப்பு என்றும் அளவைப் படத்தில் பேர்ச் என்றும் இருந்தன. 1 பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி ஒட்டாவிட்டால் ஒவ்வொரு மேசையிலும் குழப்பம் வரும். அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லையை அளந்து கல் நாட்டினோம். உறுதி வேறொருவர் பெயரில் இருந்த துண்டுக்கு, உரித்தாளர்களிடம் கட்டடம் கட்ட ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் பெற்றோம். உரிமை மாற்றம் ஆண்டுக்கணக்காக இழுபடும். கடிதம் போதுமா என்று முதலிலேயே வலயத்தில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. எங்கே, எந்த உயரத்தில்?

2008 நவம்பரில் நிஷா புயல் மழை வந்தபோது வெள்ளம் வளவில் எதுவரை நின்றது என்று ஊரில் மூத்தவர்களிடம் கேளுங்கள். தளமட்டத்தை அதற்கு மேலே வையுங்கள். சோழகமும் (தென்மேல் காற்றும்) வாடையும் (வடகீழ்க் காற்றும்) அறைக்குள் புகுந்து வெளியேறும்படி யன்னல்களை எதிரெதிராக வைக்கச் சொல்லுங்கள். வைகாசி வெயிலில் மின்விசிறியைவிட இது உதவும். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் கட்டாயம்: ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். 2006ஆம் ஆண்டு அணுகு வசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்கும் பொருந்தும்.

மலக்குழி எங்கே என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிவந்து காட்டித் தீர்மானியுங்கள். நம் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகள் வழியே கழிவுநீர் விரைவாகக் கிணற்றுக்குப் போய்விடும். பிள்ளைகள் குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீர்.

நிதி இருந்தால் தனி அறைகளைச் சிதறலாகக் கட்டாமல், பின்னர் மாடி ஏற்றக்கூடிய அத்திவாரத்தை இப்போதே போடச் சொல்லுங்கள். விளையாட்டுத் திடல் காப்பாற்றப்படும்.

5. மதிப்பீடும் நாட்காட்டியும்

மதிப்பீட்டைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்தான் தயாரிக்க வேண்டும். மேசனின் வாய்க்கணக்கு கோப்பில் நிற்காது. திருத்தம் ஒரு மதிப்பீடாகவும் புதிய கட்டடம் இன்னொன்றாகவும் இருக்கட்டும். ஒன்றுக்கு நிதி இல்லாவிட்டாலும் மற்றது நகரும். 2022இல் சீமெந்து, கம்பி விலைகள் ஏறியபோது பழைய மதிப்பீடுகளால் பயனில்லாமல் போயிற்று. ஆகவே ஓர் ஆண்டுக்கு மேற்பட்டதைப் புதுப்பித்துக் கேளுங்கள்.

அரசின் நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது. நம் மழையோ ஐப்பசி, கார்த்திகையில். தாமதமாக வரும் பணத்துக்கு நவம்பரில் கூரை கழற்றும் நிலை வரக்கூடாது என்றால், முந்தைய ஆண்டின் நடுப்பகுதிக்குள் முழுக் கோப்பும் வலயத்தில் இருக்க வேண்டும். கூரை வேலைக்கு ஏப்ரல், ஆகஸ்ட் விடுமுறைகளைக் கேளுங்கள்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள். அவர்களிடம் பெயர்ப்பலகை வைக்கும் கட்டடத்துக்குக் கேட்பதைவிட மலசலகூடத்துக்கும் ஆண்டுப் பராமரிப்புக்கும் கேளுங்கள். அந்த வேலைகளுக்கு அரச நிதி கிடைப்பது கடினம். எதுவானாலும் திணைக்கள அனுமதி கையில் வரும்வரை ஒரு கல்லும் வைக்க வேண்டாம்.

பிற்சேர்க்கை

நெடுந்தீவிலிருந்து ஓர் ஆசிரியை, இந்த மதிப்பீட்டு முறை தங்களுக்குப் பொருந்தவில்லை என்று எழுதினார். அவர் சொல்வது சரி. குறிகட்டுவான் இறங்குதுறையில் பொருட்களை இறக்கிப் படகில் ஏற்றும் செலவை மதிப்பீட்டில் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யாழ்ப்பாண நகர விலையில் ஒப்பந்தகாரர் எவரும் வரமாட்டார். மணலை உப்புத்தன்மைக்குப் பரிசோதிக்கும்படியும் நிபந்தனையில் எழுதுங்கள்.

இன்னொருவர், பாடசாலை அபிவிருத்திச் சங்கமே வேலையை நேரடி ஒப்பந்தமாக எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். சிறிய வேலைகளுக்கு எடுக்கலாம். தொகை வரம்பு சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறுவதால் வலயக் கணக்காளரிடம் நடைமுறையில் உள்ளதைக் கேளுங்கள். எடுத்தால், சீமெந்துப் பற்றுச்சீட்டுகளையும் மேசன் கூலிக் கையெழுத்துகளையும் அன்றன்றே ஒட்டி வையுங்கள். கணக்காய்வுக்கு அவைதான் சாட்சி.