பிள்ளைக்குக் கார் பழக்க: டிரைவிங் ஸ்கூலா, வீட்டிலேயா?

பிள்ளைக்கு 18 ஆனதும் எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) எடுத்தாயிற்றா? முதல் சில நாள் டிரைவிங் ஸ்கூலுக்கே அனுப்புங்கள். அந்தக் காரில் சொல்லித்தருபவர் காலடியிலும் கிளட்ச், பிரேக் இருக்கும். நம் காரில் ஆபத்தென்றால் ஹேண்ட்பிரேக்கைத்தான் பிடிக்க முடியும்.

ஆனால் அங்கே பெரும்பாலும் தினம் அரைமணி நேரம்தான், அதுவும் அதே தெருக்கள். மேம்பால ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் கிளம்புவது, மழை, இரவில் எதிர்வண்டியின் கண்ணைக் கூசவைக்கும் ஹைபீம் விளக்கு எல்லாம் அப்புறம் வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து பழக்க வேண்டியவை. உட்காருபவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் ‘எல்’ போர்டு கட்டாயம். 30 நாள் கழிந்ததும் டெஸ்ட்டுக்குப் போகலாம்தான், ஆனால் எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும், அவசரம் வேண்டாம். அப்பா சட்டென்று திட்டுபவர் என்றால் தயவுசெய்து அம்மாவோ சித்தப்பாவோ உட்காரட்டும்.