மாத்திரை ரத்தத்தில் ஏறும் வேகத்தை எக்செல்லில் கணக்கிடுவது எப்படி? (ஏறும் வேகம் கேஏ, வெளியேறும் வேகம் கேஇ, இரண்டும் இடம் மாறாமல்)

எம்.ஃபார்ம் ஆய்வுக்கு என் சொந்தத் தரவில் கை வைக்கும் முன், பழகிப் பார்க்கலாம் என்று தியோஃபிலின் தரவை எடுத்தேன். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் பழைய மருந்து அது. சமன்பாட்டைப் போட்டு சால்வரை (பொருந்தும் எண்களைத் தானே தேடித் தரும் எக்செல் கருவி) ஓட்டினேன். கோடு புள்ளிகளின் மேல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. ஆனால் அரை ஆயுள், அதாவது உடலில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், 23 நிமிடம் என்று விடை வந்தது. தியோஃபிலினுக்கு அது நடக்காத காரியம். எங்கே தப்பு என்று தெரியாமல் மூன்று நாள் அதே இடத்தில் நின்றேன். வகுப்பில் படித்த எதிலும் இந்த இடத்தை யாரும் நிறுத்திச் சொன்னதாக நினைவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

எக்செல்லில் சூத்திரம் எழுதவும் வரைபடம் போடவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தரவு

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளை நிறுவினாலே தியோஃப் என்ற தரவுத்தொகுப்பு கூடவே வரும். 12 பேர், ஆளுக்கு 11 ரத்த மாதிரிகள், சுமார் 25 மணி நேரம். நாம் முதல் ஆளை மட்டும் எடுத்துக்கொள்வோம். எடை 79.6 கிலோ, வாய்வழியாகக் கொடுத்த டோஸ் கிலோவுக்கு 4.02 மி.கி., அதாவது மொத்தம் 320 மி.கி.

நேரம் (மணி) : செறிவு (மி.கி./லிட்டர்)
0 : 0.74
0.25 : 2.84
0.57 : 6.57
1.12 : 10.50
2.02 : 9.66
3.82 : 8.58
5.10 : 8.36
7.03 : 7.47
9.05 : 6.89
12.12 : 5.94
24.37 : 3.28

முதல் வரியைப் பாருங்கள். மருந்து கொடுப்பதற்கு முன்பே 0.74 இருக்கிறது. நம் சமன்பாடு பூஜ்ய நேரத்தில் பூஜ்யம்தான் தரும். என்ன செய்தாலும் 0.74 தராது. அந்த வரியை அழித்துவிடாதீர்கள், வரைபடத்திலும் கணக்கிலும் இருக்கட்டும். (காஃபீனில் ஒரு சிறு பங்கு உடலுக்குள் தியோஃபிலினாக மாறும். இந்த மருந்தை ஆராயும்போது காபி, டீ வேண்டாம் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.)

சமன்பாட்டில் டோஸை கிலோ கணக்கில் (4.02) போடுவதால், விடையில் வரும் கன அளவும் கிலோவுக்கு இத்தனை லிட்டர் என்றுதான் வரும். இதை ஒரு ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 2: சமன்பாடு

விழுங்கிய மாத்திரை கரைய வேண்டும், இரைப்பையை விட்டு இறங்க வேண்டும், சிறுகுடல் சுவரைத் தாண்ட வேண்டும், போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் போய் மிச்சத்தோடு வெளியே வர வேண்டும். அதன் பிறகுதான் நாம் கையில் எடுக்கும் ரத்தத்தில் அது தெரியும். இந்த மொத்தப் பயணத்தின் வேகத்தையும் கேஏ என்ற ஒரே எண்ணில் அடைக்கிறோம். வெளியேறும் வேகம் கேஇ. மருந்து பரவியிருப்பதாகத் தோன்றும் கன அளவு வி.

செறிவு = டோஸ் × கேஏ ÷ (வி × (கேஏ − கேஇ)) × (எக்ஸ்ப்(−கேஇ × நேரம்) − எக்ஸ்ப்(−கேஏ × நேரம்))

(எக்ஸ்ப் என்பது எக்செல்லின் EXP சார்பு.) இதற்கு பேட்மேன் சமன்பாடு என்று பெயர். ஹாரி பேட்மேன் 1910-இல் இதைத் தீர்த்தது மருந்துக்காக அல்ல, கதிரியக்கத் தனிமங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகச் சிதைவதைக் கணக்கிட. ஒன்று தேய்ந்து இன்னொன்றாகி, அதுவும் தேய்கிறது. குடலில் குறைந்து ரத்தத்தில் ஏறி, ரத்தத்திலும் குறைவது அதே கணக்கு.

உட்போகும் பங்கு, அதாவது டோஸில் எவ்வளவு ரத்தம் வரை வந்து சேர்கிறது என்று இன்னொரு எண்ணும் உண்டு. வாய்வழித் தரவை மட்டும் வைத்து அதைப் பிரித்தெடுக்க முடியாது. வி-யோடு ஒட்டிக்கொண்டேதான் வரும். தியோஃபிலின் சாதாரண மாத்திரையாகக் கொடுத்தால் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே போய்விடும், அதனால் இங்கே கவலையில்லை. ப்ரோப்ரனலால் மாதிரி கல்லீரலின் முதல் சுற்றிலேயே பெரும்பகுதியை இழக்கும் மருந்துக்கு இதே தைரியத்தோடு வி-யைப் படிக்காதீர்கள்.

படி 3: தொடக்க எண்கள்

சால்வருக்கு எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்று நாம்தான் சொல்ல வேண்டும். வாய்க்கு வந்த எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது படி 5-இல் வருகிறது. கையால் கணக்கிட்டுக் கொடுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது.

கடைசி நான்கு புள்ளிகளின் செறிவுக்கு எல்என் (எக்செல்லின் LN சார்பு, இயல் மடக்கை) எடுத்து, நேரத்தோடு நேர்கோடு போடுங்கள். சரிவு −0.048, வெட்டும் இடத்தின் எக்ஸ்ப் 10.56 என்று வரும். ஆக, கேஇ சுமார் 0.048.

இப்போது அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டி, ஆரம்பப் புள்ளிகளைக் கோட்டிலிருந்து கழியுங்கள். 0.25 மணியில் 10.43 − 2.84 = 7.59. 0.57 மணியில் 10.27 − 6.57 = 3.70. அடுத்தது 1.12 மணி: 10.01 − 10.50. மைனஸ் 0.49! இதற்கு எல்என் கேட்டால் எக்செல் பிழை காட்டும். பயப்பட வேண்டாம். மாதிரிகளில் ஏற்ற இறக்கம் உண்டு. அந்தப் புள்ளி கோட்டுக்கு மேலே போய்விட்டது, அவ்வளவுதான். முதல் இரண்டு மிச்சங்களே போதும்: எல்என்(7.59 ÷ 3.70) ÷ 0.32 = 2.2. இது கேஏ-க்குத் தொடக்கம். இவற்றைச் சமன்பாட்டில் போட்டால் வி சுமார் 0.39.

படி 4: சால்வர்

ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போய் சால்வரை இயக்கிக்கொள்ளுங்கள். மூன்று எண்களுக்கு மூன்று கட்டம். பக்கத்துப் பத்தியில் சமன்பாடு தரும் செறிவு. அதற்கடுத்த பத்தியில் வித்தியாசத்தின் வர்க்கம். அவற்றின் கூட்டுத்தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள். முறை: ஜிஆர்ஜி நான்லீனியர்.

கேஏ 1.78, கேஇ 0.054, வி 0.37, கூட்டுத்தொகை சுமார் 4.28 என்று வந்தால் சரி. அரை ஆயுள் எல்என்(2) ÷ கேஇ = 0.693 ÷ 0.054, அதாவது 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உச்சம் 2 மணி நேரத்தில்.

படி 5: நான் மாட்டிக்கொண்ட இடம்

இப்போது கட்டங்களில் நீங்களே கையால் இதைப் போடுங்கள்: கேஏ 0.0539, கேஇ 1.777, வி 0.0112.

கூட்டுத்தொகையைப் பாருங்கள். அதே 4.28. வரைபடத்தைப் பாருங்கள். அதே கோடு, இம்மி நகரவில்லை.

நான் முதல் தடவை கேஏ-க்கு 0.1, கேஇ-க்கு 1 என்று கொடுத்திருந்தேன். சால்வர் இந்த இரண்டாவது விடையில் போய் நின்றுவிட்டது (0.693 ÷ 1.777 மணி, அதுதான் அந்த 23 நிமிடம்). சால்வர் மேல் குற்றமில்லை. கணக்குப்படி இரண்டும் ஒரே விடை. கேஏ-யையும் கேஇ-யையும் மாற்றிப் போட்டால் கீழே இருக்கும் கழித்தலின் குறி மாறும், அடைப்புக்குறிக்குள் இருக்கும் கழித்தலின் குறியும் மாறும். இரண்டும் அடிபட்டுப் போகும். மேலே நிற்கும் கேஏ சிறியதாகிவிட்டதல்லவா, அதை ஈடுகட்ட வி-யும் அதே 33 மடங்கு சுருங்கிவிடும். முடிந்தது.

ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு பானைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் பானையிலிருந்து கீழ்ப் பானைக்குச் சொட்டுகிறது. கீழ்ப் பானையின் ஓட்டை வழியாக வெளியே போகிறது. நாம் பார்ப்பது கீழ்ப் பானையின் மட்டத்தை மட்டும். அது கடைசியில் மெதுவாகத்தான் இறங்குகிறது. அதற்குக் காரணம் கீழ் ஓட்டை சின்னதாக இருப்பதா, மேலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டே இருப்பதா? மட்டத்தை எத்தனை முறை அளந்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது. பதில் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

எங்கிருந்து? முதலில் உடம்பிலிருந்து. வி 0.0112 என்றால் 79.6 கிலோ ஆளுக்கு 0.9 லிட்டர். அவர் ரத்தத்தின் பிளாஸ்மாவே சுமார் 3 லிட்டர் இருக்கும். மருந்து பிளாஸ்மாவையும் விடச் சின்ன இடத்தில் அடங்கியிருக்க வழியில்லை. 0.37 என்றால் 29 லிட்டர், அது நியாயமான எண். என்னை வெளியே இழுத்துவிட்டது இந்தப் பெருக்கல்தான். படி 1-இல் அலகை எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்தது, ரத்தநாளத்தில் நேரடியாக ஊசி வழியாகக் கொடுத்த தரவு. அங்கே மேல் பானை கிடையாது. இறங்கும் வேகம் முழுக்க கேஇ-தான். தியோஃபிலினுக்கு அப்படிக் கிடைக்கும் வி கிலோவுக்கு அரை லிட்டருக்கு அருகில், அரை ஆயுள் புகைக்காத பெரியவர்களுக்கு 8 மணி நேரத்தை ஒட்டி. புகைப்பவர்களுக்குக் குறையும், ஏனென்றால் புகை கல்லீரலில் இதைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடுகிறது. ஆளுக்கு ஆள் 13 மணி வரை நீளலாம். 23 நிமிடத்துக்கு இறங்காது.

மாறாமல் தடுப்பது எளிது. கேஏ-வை சால்வர் கையில் நேரடியாகக் கொடுக்காதீர்கள். புதிதாக ஒரு கட்டம் வைத்து, கேஏ = கேஇ + அந்தக் கட்டம் என்று எழுதுங்கள். அந்தக் கட்டம் 0.001-க்குக் கீழே போகக்கூடாது என்று நிபந்தனை போடுங்கள்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். கேஏ-தான் பெரியது என்று தரவு சொல்லவில்லை, நாம் சொல்கிறோம். இதே தியோஃபிலினை மெதுவாக வெளிவிடும் மாத்திரையாகக் கொடுத்தால் உறிஞ்சல் உண்மையிலேயே வெளியேற்றத்தை விட மெதுவாகப் போகலாம். அப்போது கடைசிச் சரிவு கேஏ. அதைக் கேஇ என்று படித்தால் மருந்து உடலில் நிஜத்தில் இருப்பதைவிட நீண்ட நேரம் தங்குவதாக எழுதிவிடுவோம். மெட்ஃபார்மின் மாத்திரையிலும் இதே விஷயம் வரும். உங்கள் தரவு எந்த வகை மாத்திரையிலிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மேலே சொன்ன நிபந்தனையைப் போடுங்கள்.

எந்த மென்பொருள்?

தொடங்குபவர்கள் எக்செல்லிலேயே ஒரு தடவை செய்யுங்கள் என்பது என் உறுதியான கருத்து. கட்டத்தில் எண்ணை மாற்றினால் கோடு கண்ணெதிரே நகரும். அந்தப் புரிதல் வேறெதிலும் இவ்வளவு சீக்கிரம் வராது. அடுத்து ஆர். 12 பேரையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் அதில் என்எல்மிக்ஸ்ஆர்2 என்ற கூடுதல் தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம், காசு கிடையாது. இதே வேலைக்கான நான்மெம் பெரிய கருவிதான், ஆனால் உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும், பிழைச் செய்திகளும் புதியவருக்கு எளிதில் புரியாது. முதல் மாதத்தில் அது வேண்டாம்.

சேர்க்கை 1: லிப்ரே ஆபீஸில் சால்வர் ஓடவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். அதன் சால்வர் வழக்கமாக நேர்கோட்டுக் கணக்குக்குத்தான் தயாராக நிற்கும். சால்வர் பெட்டியில் ஆப்ஷன்ஸ் போய் டெப்ஸ் (DEPS, நேர்கோடல்லாத கணக்குக்கும் ஓடும் முறை) என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

சேர்க்கை 2: மாத்திரை கரையத் தாமதமானால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். குடலில் மட்டும் கரையும் பூச்சுள்ள மாத்திரைக்கு இது கட்டாயம் வரும். தாமத நேரம் என்று நான்காவது கட்டம் வைத்து, சமன்பாட்டில் நேரத்துக்குப் பதில் நேரம் − தாமதம் போடுங்கள். அதற்கு முந்தைய நேரத்துக்கெல்லாம் பூஜ்யம். நம் ஆளின் 0.25 மணிப் புள்ளியைப் பாருங்கள்: கோடு 3.9 தருகிறது, அளந்தது 2.84. சின்னத் தாமதம் அங்கே கொஞ்சம் உதவும். ஆனால் ஏறும் பகுதியில் இருப்பதே இரண்டு மூன்று புள்ளிகள்தான், அவற்றை வைத்து நான்காவது எண்ணையும் தேடினால் கேஏ ஆட ஆரம்பிக்கும். நான் இந்த ஆளுக்குச் சேர்க்கவில்லை.

சேர்க்கை 3: ஆரில் முதல் ஆளை எடுத்தும் என் எண்கள் வரவில்லை என்று ஒருவர் தன் நிரலை அனுப்பினார். ஆளின் எண்ணை அவர் நேரடியாக எண் வகைக்கு மாற்றியிருந்தார். தியோஃப் தரவில் ஆட்களின் பட்டியல் உச்சச் செறிவு குறைந்தவரிலிருந்து கூடியவர் வரை அடுக்கப்பட்டிருக்கும்: 6, 7, 8, 11, 3, 2, 4, 9, 12, 10, 1, 5. நேரடியாக மாற்றினால் அந்த வரிசையில் இருக்கும் இடம்தான் கிடைக்கும். 1 என்று கேட்டவருக்கு 6-ஆம் ஆள் வந்திருக்கிறார், நம் ஆள் 11 ஆகியிருக்கிறார். முதலில் எழுத்து வகைக்கு மாற்றி, பிறகு எண்ணாக மாற்றுங்கள். முதல் செறிவு 0.74 என்று வந்தால் சரியான ஆள்.