கெஸ்ட் லெக்சரராகச் சேருமுன் கவனிக்க வேண்டியவை

கேரளத்தின் பாலக்காடு, சித்தூர் பகுதிகளின் அரசுக் கல்லூரிகளில் கெஸ்ட் லெக்சரராக, அதாவது தற்காலிக விரிவுரையாளராக, தமிழ் கற்பிக்க விரும்புவோர், நேர்காணலுக்கு முன்பே கல்லூரிக் கல்வித் துறையின் திருச்சூர் துணை இயக்குநர் அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும்.

ஊதியம் எப்படிக் கணக்கிடப்படும், விடைத்தாள் திருத்தமும் தேர்வுக் கண்காணிப்பும் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி மாதக்கணக்கில் சம்பளமின்றிப் பாடம் நடத்துவது பெருங்கொடுமை. நியமன ஆணை மலையாளத்தில் இருந்தால், தெரிந்தவரிடம் கொடுத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையொப்பமிடுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி நிரந்தர உதவிப் பேராசிரியருக்கே வாரத்துக்கு 16 மணி நேரம்தான் நேரடி வகுப்பு. உங்கள் கால அட்டவணை அதைத் தாண்டினால் துறைத்தலைவரிடம் உடனே எழுதிக் கொடுங்கள்.

வகுப்பு முடிந்த கையோடு தேதி, பீரியடு, நடத்திய பாடம் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதி, வெள்ளிதோறும் துறைத்தலைவரின் கையொப்பம் பெற்று வையுங்கள்.